நடுவில் நிறுத்திய குமிழ்

எங்கள் தொழிற்சாலையில் ஓய்வுபெற்றவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கம், ரோஜாப்பூ, மூட்டுவலிக்கு முருங்கைக்கீரை என்று ஓடிக்கொண்டிருக்கும் குழு. போன மாதம் அதில் பழுப்பேறிய தாள் ஒன்றின் படம் வந்தது. சோதனைப் பிரிவின் பழைய தாள். அடியில் பொடியாக ஒரு கையெழுத்து: காந்திமதி. அது நான்தான்.

அனுப்பியவர் இப்போது அங்கே வடிவமைப்புப் பிரிவில் இருக்கும் இளம் பொறியாளர், பழைய விவரம் கேட்பதற்காக யாரோ குழுவில் சேர்த்துவிட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் பணிவாகத்தான் கேட்டிருந்தார். “மேடம், பழைய கண்ணாடிச் சூடேற்றியை மறுபடி செய்யச் சொல்லி ஆர்டர் வந்திருக்கிறது. முதலில் நான்கு வாட் பொட்டன்ஷியோமீட்டர் போட்டிருக்கிறீர்கள். பிறகு அதை எடுத்துவிட்டு இருபத்தைந்து வாட் போட்டிருக்கிறீர்கள். ‘சந்தையில் கிடைப்பதைக் கருதி’ என்று காரணம் எழுதியிருக்கிறது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், இரண்டு வாட்டைக்கூடத் தொடவில்லை. சின்னதற்கே திரும்பிவிடலாமா? இடமும் எடையும் மிச்சம்.”

படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. எழுந்து போய் அணைக்கத் தோன்றவில்லை.

அந்தத் தாளில் இருக்கும் காரணம் பொய். அது பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் இறந்துவிட்டார். இன்னொருத்தி நான். மூன்றாவதாகத் தெரிந்திருக்க வேண்டியவளுக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

என் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து செகந்திராபாத் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். லாலாகூடாவில் குவார்ட்டர்ஸ். நான் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் டிப்ளமோ முடித்து, ஒரு வருடம் அப்ரண்டிஸாக ஓடியாடி, உப்பல் பக்கம் இருந்த அரசுத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் சேர்ந்தேன். அந்த ஒரு வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. டீ வாங்கினேன், மீட்டர் துடைத்தேன், எல்லோருடைய தப்புக்கும் திட்டு வாங்கினேன்.

அதே காலனியில், எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தவள் எஸ்தர். அவர்கள் அரக்கோணத்துக்காரர்கள். என்னைவிட இரண்டு வயது பெரியவள், ஆனாலும் வா போ என்றுதான் பழக்கம். எனக்கு முன்பே அதே தொழிற்சாலையில், ஈயத்தை உருக்கிக் கம்பி பற்றவைக்கும் சால்டரிங் வரிசையில் இருந்தாள். காலையில் ஒரே பஸ். முன்னால் ஏறுகிறவள் மற்றவளுக்கு இடம் போட வேண்டும். தார்நாக்கா, ஹப்சிகூடா எல்லாம் தாண்டி உப்பல் வரும் வரைக்கும் அவள் வாய் ஓயாது. தமிழில் தொடங்கி உருதுவில் திட்டித் தெலுங்கில் முடிப்பாள். ‘வேண்டாம்’ என்பதற்கு அவளுக்கு எப்போதும் ஹைதராபாத் உருதுவின் ‘நக்கோ’தான்.

அவளுடைய கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் சால்டரிங் செய்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு எண் உண்டு. செய்து முடித்த ஒவ்வொரு யூனிட்டிலும் அந்த எண்ணை ரப்பர் முத்திரையால் குத்த வேண்டும். எஸ்தர் பதினேழு. பதினேழு என்று கண்டால் நான் பூதக்கண்ணாடியை எடுக்கவே மாட்டேன். ஈயம் கம்பியைச் சுற்றி வழவழவென்று படிந்திருக்கும், ஒரு சொட்டு அதிகம் இருக்காது. காலனியில் யார் வீட்டு ரேடியோ வாயை மூடினாலும், இஸ்திரிப் பெட்டியின் கம்பி விட்டுப்போனாலும் அவளிடம்தான் வரும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, அது தப்பில்லை.

என் மேலதிகாரி நரசிம்மன் சார், தஞ்சாவூர்க்காரர். அவர் கத்தி நான் கேட்டதில்லை. தப்பு ஒன்று கண்ணில் பட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அந்தத் தாளின் மேலேயே வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். நாம்தான் என்ன, ஏது என்று நாமாகவே எல்லாவற்றையும் கொட்ட வேண்டியிருக்கும். கொட்டி முடித்ததும், “சரி, திரும்பப் பண்ணு” என்பார். அவ்வளவுதான். யூனிட்டை அணைத்த உடனே ஒவ்வொரு பாகத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். விரல் நுனி வேலை செய்து காய்ச்சுப்போயிருக்கும், புறங்கைதான் சூட்டைச் சரியாகச் சொல்லும் என்று அவருக்கு ஒரு கணக்கு. நானும் அப்படியே பழகினேன். இன்றைக்கும் இட்லிக் கொப்பரையைப் புறங்கையால்தான் தொடுகிறேன்.

அந்தச் சூடேற்றி ஒரு சின்னப் பெட்டி. குளிர்ப் பிரதேசத்தில் நிற்கும் ராணுவ வண்டிகளின் பார்வைக் கண்ணாடியில் பனி படியாமல் சூடாக்க வேண்டும். இருபத்துநான்கு வோல்ட் பேட்டரி, எழுபத்தைந்து ஓம் சூட்டுக் கம்பி, இரண்டுக்கும் நடுவே தொடராக நூறு ஓம் பொட்டன்ஷியோமீட்டர் ஒன்று. வெளியே தெரிவது ஒரு குமிழ் மட்டும். குமிழைத் திருப்பினால் மின்னோட்டத்தின் வழியில் இருக்கும் ஓம் குறையும், கண்ணாடி அதிகமாகச் சுடும். ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தூசி போகாமல் பெட்டியை ரப்பர் வளையம் வைத்து இறுக்கி மூடியிருந்தோம்.

சோதனை முறையை நரசிம்மன் சார்தான் எழுதினார். நிஜமான கண்ணாடி எங்களிடம் இல்லை, அதற்குப் பதில் எழுபத்தைந்து ஓம் மின்தடை ஒன்றைக் கட்டுவோம். யூனிட்டுக்கு யூனிட் அளவு ஒப்பிட வசதியாக இருக்கட்டும் என்று குமிழை நடுவில் நிறுத்தச் சொன்னார். நடு எது என்று சண்டை வராமல் இருக்க ஒவ்வொரு பெட்டியிலும் சிவப்பு நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைத்தோம். பாலிஷ் என் செலவு. அந்தப் புள்ளியில் குமிழை வைத்து எட்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். மீட்டர் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மில்லி ஆம்பியர் காட்டும். காட்டினால் கையெழுத்து. முழுக்கத் திருப்பி ஓட்டிப் பார் என்று அந்த முறையில் ஒரு வரிகூட இல்லை. ஹைதராபாத் வெயிலில் உட்கார்ந்திருந்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவும் இல்லை.

மார்ச் மாதம். சரக்கை அனுப்பியாக வேண்டும் என்று எல்லோரும் பறந்துகொண்டிருந்தோம். மதியம் கேன்டீனிலிருந்து திரும்பி வந்தால் சோதனை மேசையில் வார்னிஷ் கருகும் வாடை. ஒரு யூனிட்டின் குமிழ் கடைசிவரை திரும்பியிருந்தது. மேசையைத் துடைத்தவர்கள் கை பட்டிருக்கலாம். பெட்டியைத் திறந்து புறங்கையால் தொட்டேன், சுரீர் என்றது. குமிழைச் சிவப்புப் புள்ளிக்குக் கொண்டுவந்தேன். வாடை அடங்கியது. மீட்டர் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு காட்டியது. மூடினேன், கையெழுத்துப் போட்டேன்.

கையில் கொப்புளம் மூன்று நாள் இருந்தது. தோசைக்கல் பட்டுவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். ஏன் பொய் சொன்னேன் என்று அப்போது யோசிக்கவில்லை. யோசிக்கக் கூடாது என்று உள்ளே ஏதோ ஒன்றுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த குளிர்காலத்தில் பதினொரு யூனிட்டுகள் கருகித் திரும்பி வந்தன. கூடவே ஒரு கடிதம். வண்டிக்குள் புகை வந்ததும் ஒரு சிப்பாய் பெட்டியைக் கையால் பிடுங்கி எறிந்திருக்கிறார், உள்ளங்கை வெந்துவிட்டது. விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட குழு போட்டார்கள். பெட்டிகளைத் திறந்து வரிசையாக வைத்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே இடம்தான்: பொட்டன்ஷியோமீட்டரின் ஓரத்து முனையில் ஈயம் உருகி ஓடி, கம்பி விட்டுப் போயிருந்தது. பார்த்த எவரும் மோசமான சால்டரிங் என்றுதான் சொல்வார்கள். பக்கத்திலேயே ஊதா மையில் பதினேழு, பதினேழு, பதினேழு. கை நுழையாத இடம், கஷ்டமான ஜாயின்ட் என்பதால் அந்த வேலை முழுவதையும் நரசிம்மன் சார் எஸ்தரிடமே கொடுக்கச் சொல்லியிருந்தார். நன்றாகச் செய்கிறவள் என்பதால் மாட்டிக்கொண்டாள்.

எஸ்தர் அந்த அறையில் நின்றுகொண்டே பேசினாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. குழுவிடம் உருதுவில் தன் பக்கத்தைச் சொன்னாள். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். பிறகு, சோதனைத் தாள்களோடு ஓரத்தில் நின்ற என் பக்கம் திரும்பினாள்.

“என் ஜாயிண்டு அப்படி ஓடாது காந்தி. எங்கிருந்தோ சூடு வந்திருக்கு. நீதானே டெஸ்ட் பண்ணே, நீ சொல்லு. சும்மா நிக்க நக்கோ.”

குழுவின் தலைவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னது இதுதான்: “சோதனை முறைப்படி எல்லா அளவும் சரியாக இருந்தது சார்.”

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதனால்தான் அது அவளை முடித்தது. சோதனையில் எல்லாம் சரி என்றால் பிழை ஜாயின்ட்டில்தானே இருக்க வேண்டும்? எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம், காலண்டரில் கிழித்த ஒரு தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். அந்த இளம் பொறியாளர் போட்ட அதே கணக்குதான் முதலில் எனக்கும் வந்தது. பொட்டன்ஷியோமீட்டரில் அதிகபட்சம் எவ்வளவு வாட் சேரும்? எழுபத்தைந்து ஓமில் நிற்கும்போது, ஒன்று புள்ளி ஒன்பது இரண்டு. தாங்கக்கூடியது நான்கு. பாதிகூட இல்லை, அப்புறம் எப்படிக் கருகும்?

கொப்புளம் இருந்த இடத்தைப் பார்த்தேன். அப்புறம் புரிந்தது.

நான்கு வாட் என்பது நூறு ஓமும் சேர்ந்து தாங்குவது. நூறு பேர் சேர்ந்து தூக்கும் சுமை அது. குமிழைக் கடைசிவரை திருப்பினால் வழியில் மிஞ்சுவது ஐந்து ஓம். மற்ற தொண்ணூற்றைந்து பேரும் ஒதுங்கிவிட, அந்த ஐந்து பேர் தங்கள் பங்கை மட்டும்தான் தாங்குவார்கள், அதாவது நான்கில் இருபதில் ஒரு பங்கு. ஆகவே இந்த மாதிரி இடத்தில் வாட்டைப் பார்க்கவே கூடாது, மின்னோட்டத்தைப் பார்க்க வேண்டும். நான்கு வாட்டை நூறு ஓமால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் இருநூறு மில்லி ஆம்பியர். குமிழ் எங்கே நின்றாலும் அதுதான் எல்லை. நடுவில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, மயிரிழையில் பிழைத்தது. கடைசியில் முந்நூறு. ஒன்றரை மடங்கு மின்னோட்டம், இரண்டே கால் மடங்கு சூடு, அதுவும் காற்றுப் புகாத பெட்டிக்குள், ஓரத்தில் நாலு சுற்றுக் கம்பியில். அந்தச் சூடு பக்கத்து முனைக்குத்தான் போகும். எப்பேர்ப்பட்ட ஜாயின்ட்டும் உருகும். பனியில் நிற்கிறவன் குமிழை நடுவிலா வைப்பான்? முழுக்கத் திருப்பி அப்படியே விட்டுவிடுவான்.

திங்கட்கிழமை அந்தத் தாளை நரசிம்மன் சார் மேசையில் வைத்தேன். படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தாளின் மேல் வைத்தார். இந்த முறை நான் ஒன்றும் கொட்டவில்லை. சொல்ல வேண்டியவர் அவர்தான் என்று நின்றேன்.

“இதை யாருகிட்டயாவது காமிச்சியாம்மா?” என்றார்.

“இல்ல சார்.”

“பொட்டன்ஷியோமீட்டரைத் தேர்வு பண்ணினது டிசைன்காரா. ஆனா நடுவுல வெச்சு டெஸ்ட் பண்ணச் சொன்னது நான். பண்ணிக் கையெழுத்துப் போட்டது நீ.” மூக்குக்கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். “எனக்கு இன்னும் நாலு மாசம்தான் சர்வீஸ் இருக்கு. நீ இப்பதான் ஆரம்பிச்சிருக்கே.”

“எஸ்தர், சார்?”

“வேலைய விட்டு எடுக்க மாட்டா. அதை நான் பாத்துக்கறேன்.”

தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நான் வெளியே வந்தேன். மார்ச் மாதத்தில் வந்த வாடையைப் பற்றி அவரிடமும் சொல்லவில்லை.

பத்து நாளில் ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி இருபத்தைந்து வாட் பொட்டன்ஷியோமீட்டர். காரணம்: சந்தையில் கிடைப்பதைக் கருதி. அதன் எல்லை ஐந்நூறு மில்லி ஆம்பியர், யூனிட்டுகள் அதற்குப் பிறகு கருகவில்லை. அதே வாரத்தில் எஸ்தரின் பதினேழாம் எண் முத்திரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவளைப் பேக்கிங்குக்கு அனுப்பினார்கள். நரசிம்மன் சார் சொன்னபடி வேலை போகவில்லை. அவர் ஓய்வுபெற்ற நாளில், மாலையும் கழுத்துமாக நின்றவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, “அந்தக் காகிதத்தை நான் கிழிக்கலை” என்றார். காட்டவும் இல்லை. அவரை நான் வெறுக்க முயன்றிருக்கிறேன். முடியவில்லை, ஏனென்றால் எனக்குள்ளும் அதே சட்டைப்பை இருந்தது.

எஸ்தர் என்னோடு சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போடவில்லை. மறுநாளும் பஸ்ஸில் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாள். முப்பது வருடத்துக்கு மேல், அவள் ஓய்வுபெறும் வரை, மரப்பெட்டிகளில் வைக்கோல் திணித்து ஆணி அடித்தாள். பேச்சு குறைந்துபோனது. ஒருமுறை எங்கள் வீட்டு மிக்ஸியின் கம்பி விட்டுவிட, அம்மா அவளிடம் எடுத்துக்கொண்டு போனாள். “நக்கோ அத்தே, கடையில குடுங்க. என் கைய நம்பாதீங்க, அதுல ஏதோ கோளாறு” என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அம்மா அதை வந்து சொன்னாள். அவள் நம்பிவிட்டாள். தன் கைதான் ஒரு சிப்பாயின் கையைப் பொசுக்கியது என்று உண்மையாகவே நம்பிவிட்டாள். அதை மறுக்க என்னிடம் ஒரு முழுக் கணக்கு இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனேன்.

இப்போது இந்தப் படம். ‘கிடைப்பதைக் கருதி’ என்ற அந்தப் பொய்யை நம்பி ஒரு பிள்ளை மறுபடி நான்கு வாட் போடப் போகிறார். மறுபடி குளிரில் யாரோ குமிழை முழுக்கத் திருப்புவார்கள். குழுவிலேயே எல்லோரும் பார்க்க ஆங்கிலத்தில் எழுதினேன். கணக்கு முழுவதும், நடுவில் வைத்த சோதனை, மார்ச் மாத வாடை, பதினேழாம் எண் மீது போட்ட பழி, எல்லாம். பத்து நிமிடத்தில் அந்தப் பொறியாளர் பதில் போட்டார்: “நன்றி மேடம். இருபத்தைந்தே இருக்கட்டும். சோதனையிலும் குமிழை முழுக்கத் திருப்பி ஓட்டச் சொல்கிறேன்.” கீழே இரண்டு பேர் கட்டைவிரல் போட்டார்கள். எஸ்தர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்குக் கீழே ஒரு ரோஜாப்பூ வந்தது.

எஸ்தர் அந்தக் குழுவில் இல்லை. மறுநாள் மௌலாலியில் அவள் மகன் வீட்டுக்குப் போனேன். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விரல்கள் இன்னும் அதே மாதிரி நேர்த்தியாக வேலை செய்தன. நான் ஒன்றும் சுற்றி வளைக்கவில்லை. காகிதத்தில் கணக்கை எழுதியே எடுத்துப் போயிருந்தேன். ஒவ்வொரு வரியாகச் சொன்னேன், வாட்ஸ்அப் குழுவில் எழுதியதையும் சொன்னேன். கீரையைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

“பதினோரு பீஸுலயும் என் ஜாயிண்டு சரிதானா?”

“பதினொண்ணும் சரி.”

“ஒண்ணு கூடவா தப்பு இல்ல?”

“ஒண்ணு கூட இல்ல எஸ்தரு.”

தன் இரண்டு கைகளையும் மடியில் திருப்பி வைத்துப் பார்த்தாள். கண் கலங்கியது. நான் கொஞ்சம் ஆறுதலாகக்கூட உணர்ந்தேன், வெட்கமில்லாமல். அப்போதுதான் கேட்டாள்.

“ஒனக்கு எப்ப தெரியும்?”

“அப்பவே தெரியும். அந்த வாரமே.”

“அந்த வாரமேவா?” சத்தம் உயரவில்லை. “அப்ப டெய்லி நான் போட்டு வெச்ச எடத்துல தெரிஞ்சுக்கினேதான் ஒக்காந்துனு வந்தியா?”

நான் தலையை ஆட்டினேன்.

உள்ளே அவள் பேத்தி தெலுங்கில் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். எஸ்தர் என் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

“இது கணக்கு. எனக்குக் கணக்கு நக்கோ. நடந்தத எழுது. வாட்ஸ்அப்புல இங்கிலீஷ்ல எழுதனதெல்லாம் எனக்கு எதுக்கு? தமிழ்ல எழுது. என் புள்ளைங்களுக்குப் படிக்க வராது, எனக்கு வரும். அச்சுல வரணும். என் பேரு போடு, ஒன் பேரும் போடு. வந்தப்புறம் எடுத்துனு வா. அது வரிக்கும் வராத.”

நான் வெளியே வந்ததும் கேட்டைத் தாழிட்டுவிட்டு மறுபடி கீரையை எடுத்துக்கொண்டாள்.

ஆகவே எழுதியிருக்கிறேன், எஸ்தர். சால்டரிங் வரிசை, எண் பதினேழு: உன் கையில் ஒரு கோளாறும் இருந்ததில்லை. கோளாறு என் கையெழுத்தில் இருந்தது. — காந்திமதி, சோதனைப் பிரிவு.